காரில் நல்ல ஒலி வேண்டுமா? முதலில் கதவைக் கழற்றுங்கள்

சிக்னலில் நிற்கும்போது பக்கத்துக் காரிலிருந்து பாட்டு கேட்பதில்லை. நம்பர் பிளேட் அதிர்வதும் டிக்கி மூடி நடுங்குவதும்தான் கேட்கின்றன. உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கும் ஏறக்குறைய அதுதான் கேட்கும் என்பது என் சந்தேகம். டிக்கியைத் திறந்தால் தாழ்ந்த ஒலிக்கென்றே உள்ள 12 அங்குல ஸ்பீக்கர், அதாவது சப்வூஃபர், அதைச் சுற்றி நீல விளக்கு. முன் கதவிலோ, வாங்கிய நாளில் கம்பெனி பொருத்திக் கொடுத்த அதே காகிதக் கூம்பு ஸ்பீக்கர். கிழிந்த வேட்டிக்கு மேல் ஜரிகை அங்கவஸ்திரம் போட்ட கதை.

சொந்தமாக இரண்டு கார்களிலும், நண்பர்களின் கார்கள் சிலவற்றிலும் இந்த வேலையைச் செய்து பார்த்திருக்கிறேன். செலவு வீணானது பெரும்பாலும் தவறான பொருளை வாங்கியதால் இல்லை. சரியான பொருளைத் தவறான வரிசையில் வாங்கியதால்தான். அதனால் இந்த வழிகாட்டி வரிசையைப் பற்றியது. ஒவ்வொரு படி முடிந்ததும் ஒரு வாரம் ஓட்டிக் கேளுங்கள். பாதியிலேயே மனம் நிறைந்துவிட்டால் அங்கேயே நிறுத்திவிடலாம். பலருக்கும் மூன்றாவது படியிலேயே நிறைந்துவிடும்.

படி 1: காசு கொடுக்கும் முன் காது கொடுங்கள்

முதலில் செலவில்லாத வேலை. பேஸ், ட்ரெபிள் இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவாருங்கள். லவுட்னஸ் என்று ஒரு பொத்தான் இருந்தால் அணையுங்கள். ஒலியை முன் ஸ்பீக்கர்களுக்கே பெரும்பாலும் அனுப்புங்கள். கச்சேரியில் வித்வான் நமக்கு முன்னால்தான் உட்காருகிறார். முதுகுக்குப் பின்னால் இருந்து யாரும் பாடுவதில்லை. பின் ஸ்பீக்கர்கள் பின்னால் இருப்பவர்களுக்கு. தினமும் தனியாக ஓட்டுபவர் அவற்றுக்குச் செலவே செய்ய வேண்டாம்.

அடுத்து, பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். தரம் போகும் அளவுக்குச் சுருக்கிய எம்பி3 கோப்பை எந்த ஆம்ப்ளிஃபயரும் காப்பாற்றாது. யுஎஸ்பியில், தரம் குறையாமல் சுருக்கிய ஃப்ளாக் கோப்புகளைப் போட்டுக் கேளுங்கள். புளூடூத் என்றால் கைபேசியின் ஒலியளவை முழுதாக வைத்து, காரின் குமிழில் மட்டும் கூட்டிக் குறையுங்கள்.

சோதனைக்கு நான் எப்போதும் மிருதங்கத்தை எடுத்துக்கொள்வேன். ஒரே வாத்தியத்தில் தாழ்ந்த ஒலியும் உயர்ந்த ஒலியும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் அதை ஏமாற்ற முடியாது. இடப்பக்கத் தோலான தொப்பியில் எழும் கும்கி இழைந்து மேலேறுவது தெரிய வேண்டும். வெறும் ‘பொம்’ என்று கேட்டால் கதவு பாடுகிறது என்று அர்த்தம். வலப்பக்கத் தோலான வலந்தலையில் விழும் சாப்பு சுத்தமாக வெட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அது ‘சிர்’ என்று சிதறினால், உயர்ந்த ஒலியைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் சரியில்லை. பின்னால் ஓடும் தம்புரா கேட்கவே இல்லையென்றால் கேபினில் இரைச்சல் அதிகம்.

இதை மூன்று நிலைகளில் கேளுங்கள்: எஞ்சின் அணைத்து நிறுத்திய கார், ஏசி ஓட நிற்கும் கார், 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார். நிறுத்திய காரில் நன்றாக இருந்து, ஓட்டும்போது மட்டும் கெட்டுப்போனால் குற்றவாளி ஸ்பீக்கர் இல்லை. தேய்ந்து காய்ந்த டயர்களும், தேவைக்கு மேல் அடித்த காற்றும் போடும் இரைச்சலில் முதலில் தொலைவது தாழ்ந்த ஒலிதான்.

படி 2: கதவுதான் பெட்டி

வீட்டு ஸ்பீக்கரை மரப்பெட்டியில் அடைக்கிறார்கள். காரில் அந்தப் பெட்டி எது? மெல்லிய தகடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த கதவு. அதில் கண்ணாடியை ஏற்றும் எந்திரம், பூட்டுக் கம்பிகள், கை நுழையும் அளவுக்கு ஓட்டைகள். ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும்போது அதன் முதுகுப் பக்கம் காற்றை இழுக்கிறது. ஓட்டைகள் வழியாக இந்த இரண்டும் கலந்துவிட்டால் தாழ்ந்த ஒலி தன்னைத்தானே தின்றுவிடும். புது ஸ்பீக்கர் போட்ட பிறகும் ‘பேஸ் வரவில்லை’ என்று சொல்பவர்களில் பெரும்பாலோருடைய சிக்கல் இதுதான்.

வேலையைத் தொடங்கும் முன் கண்ணாடியை முழுதாக மேலேற்றி, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள். கதவின் உள்பலகையைப் பிடித்திருக்கும் திருகுகள் கைப்பிடிக்குள்ளும் சிறு மூடிகளுக்குப் பின்னும் ஒளிந்திருக்கும். சுற்றிலும் பிளாஸ்டிக் கிளிப்புகள். அவற்றில் இரண்டு மூன்று நிச்சயம் உடையும். பத்து கிளிப்புகளை முன்னதாகவே வாங்கி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் பலகையில் வடு விழும், பிளாஸ்டிக் நெம்புகோல் மலிவாகவே கிடைக்கிறது.

உள்ளே மூன்று வேலைகள். முதலாவது, வெளித் தகட்டின் உட்புறத்தில் அதிர்வை அடக்கும் டேம்பிங் ஷீட் ஒட்டுவது. அலுமினியத் தாள் முதுகு கொண்ட பியூட்டைல் ரப்பர் ஷீட்டையே கேட்டு வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கும் தார் ஷீட் கத்தரி வெயிலில் இளகி, நாற்றமடித்து, ஒருநாள் கழன்று கண்ணாடி எந்திரத்தில் விழும். ஒட்டும் இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, உருளையால் அழுத்தித் தேயுங்கள். தகட்டை ஓர் அங்குலம் விடாமல் மூட வேண்டியதில்லை. நடுவே பெரிதாக அதிரும் பகுதியில் ஒட்டினாலே பலனில் பெரும்பங்கு கிடைத்துவிடும். மண்பானை வாங்குபவர் தட்டிப் பார்ப்பதுபோல் வெளியிலிருந்து விரலால் தட்டுங்கள். முன்பு ‘டொங்’ என்றது இப்போது ‘டொக்’ என்றால் போதும்.

இரண்டாவது, உள் தகட்டின் ஓட்டைகளை அதே ஷீட்டால் மூடுவது. அங்கே கம்பெனி ஒட்டிய பாலித்தீன் திரை இருக்கும். கண்ணாடி வழியாக இறங்கும் மழைநீர் உள்ளே வராமல் தடுப்பது அதன் வேலை. அதைக் கிழித்தெறிந்துவிட்டுச் சும்மா விடக் கூடாது. சில கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான காற்றழுத்த உணரி கதவிலேயே இருக்கும். அந்த வகைக் காராக இருந்தால் ஓட்டைகளைத் தொடாமல் டேம்பிங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, ஸ்பீக்கர் உட்காரும் வளையம். எம்டிஎஃப் பலகையில் வெட்டிய வளையத்தைக் கடைக்காரர் நீட்டுவார். நம் மழையில் அது இரண்டு வருடத்தில் பிஸ்கட்போல் ஊறிவிடும். பிளாஸ்டிக் வளையம் நல்லது. வளையத்துக்கும் தகட்டுக்கும் நடுவில் ஃபோம் பட்டை வையுங்கள். மூடும் முன் ஒருமுறை கண்ணாடியை இறக்கி, அது ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கிறதா என்று பாருங்கள்.

ஒரு எச்சரிக்கை. கதவின் அடிவிளிம்பில் சிறு துளைகள் இருக்கும். அவை மழைநீர் வடிவதற்கானவை. என் முதல் காரில் வேலை செய்த ஆர்வமான கைகள் அவற்றையும் சேர்த்து ஒட்டிவிட்டன. ஐப்பசி அடைமழை முடிந்த ஒரு காலையில், திருப்பத்தில் கதவுக்குள்ளிருந்து குடம் தளும்பும் சத்தம் கேட்டது. ஒலிப்பதிவின் துல்லியம் என்று முதலில் நினைத்துக்கொண்டேன்.

படி 3: ஸ்பீக்கர்

நம் ஊர் ஹேட்ச்பேக்குகளின் முன் கதவில் பெரும்பாலும் 6.5 அங்குல ஸ்பீக்கர் பொருந்தும். கோஆக்சியல் வகையில் ட்வீட்டர் கூம்பின் நடுவிலேயே இருக்கும். முழங்காலுக்குக் கீழிருந்து பாட்டு வரும். காம்போனன்ட் வகையில் ட்வீட்டர் தனி, அதைப் பக்கவாட்டுக் கண்ணாடியை ஒட்டி உள்ளே இருக்கும் முக்கோணத்திலோ டேஷ்போர்டு ஓரத்திலோ பொருத்தலாம். பாடகர் எழுந்து டேஷ்போர்டின் மேல் நின்று பாடுவதுபோல் ஆகிவிடும். முன்பக்கத்துக்குக் காம்போனன்ட் தவிர வேறு எதையும் நான் பரிந்துரைப்பதில்லை.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட ‘400 வாட்ஸ்’ ஒரு நொடிக்கான உச்சக் கணக்கு. சிறிய எழுத்தில் ஆர்எம்எஸ் என்று இருக்கும், தொடர்ந்து தாங்கும் அளவே உண்மை. அதைவிட முக்கியமானது சென்சிட்டிவிட்டி, அதாவது கொடுக்கும் மின்திறனுக்கு எவ்வளவு சத்தம் தருகிறது என்பது. 92 டெசிபல் ஸ்பீக்கர், 89 டெசிபல் ஸ்பீக்கரின் அதே சத்தத்தைப் பாதி மின்திறனில் தரும், ஏனென்றால் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் மின்திறன் இரட்டிப்பாக வேண்டும். ஆம்ப்ளிஃபயர் வாங்கும் எண்ணம் இல்லாதவர் சென்சிட்டிவிட்டி அதிகமுள்ள ஸ்பீக்கரைத் தேடட்டும்.

டேஷ்போர்டில் இருக்கும் பாட்டுப் பெட்டியான ஹெட் யூனிட்டின் ‘4 x 50 வாட்ஸ்’ அதே ரகம். காரின் மின்னழுத்தம் எஞ்சின் ஓடும்போது சுமார் 14.4 வோல்ட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு அதிலிருந்து கொள்கையளவில் 26 வாட்ஸுக்குமேல் எடுக்க முடியாது. இழப்புகள் போக 20 வாட்ஸுக்கு அருகில் நிற்கும். இது குறைவு என்று பயப்பட வேண்டாம். மூடிய கதவும் நல்ல ஸ்பீக்கரும் இருந்தால் நகருக்குள் ஓட்டுபவருக்கு இந்த 20 வாட்ஸ் தாராளம்.

கம்பெனி வயரை வெட்டி முறுக்கி டேப் சுற்றும் பழக்கத்துக்கு இடம் கொடுக்காதீர்கள். உங்கள் கார் மாதிரிக்கான கப்ளர் கிடைக்கும், செருகினால் முடிந்தது. நாளைக்குப் பழையபடி மாற்றவும் முடியும், வாரண்டித் தகராறும் குறையும். பொருத்தியதும் 1.5 வோல்ட் பேட்டரியை ஸ்பீக்கர் முனைகளில் ஒரு கணம் தொடுங்கள். பாசிட்டிவ் முனை பாசிட்டிவைத் தொட்டால் கூம்பு வெளியே துள்ள வேண்டும். ஒரு பக்கம் வெளியே, மறுபக்கம் உள்ளே என்றிருந்தால் பேஸ் காணாமல் போகும், பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாமல் கார் முழுக்க அலையும்.

சென்னையில் இருப்பவர்களுக்கு அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலை தெரிந்திருக்கும். ஒரு தெரு முழுக்கக் கார் அலங்காரக் கடைகள். போவதற்கு முன் வாங்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தாள் இல்லாமல் போய்ப் பூனை உருவ வாசனைக் குப்பியோடு திரும்பியவர்களில் நானும் ஒருவன்.

படி 4: ஆம்ப்ளிஃபயரும் மின்கம்பியும்

நெடுஞ்சாலையில் அதிகம் ஓட்டுபவருக்கு இது தேவைப்படும். ஒரு சேனலுக்கு 60 முதல் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் தரும் நான்கு சேனல் ஆம்ப் போதுமானது. முன் ஸ்பீக்கர்களுக்கு இரண்டு சேனல், பின்னால் சப்வூஃபர் வந்தால் மீதி இரண்டையும் சேர்த்து அதற்கு. கம்பெனி பொருத்திய ஹெட் யூனிட்டை மாற்ற மனமில்லாதவர்கள் ஸ்பீக்கர் வயரிலிருந்தே நேரடியாக எடுத்துக்கொள்ளும் ‘ஹை லெவல்’ உள்ளீடு கொண்ட ஆம்பை வாங்கலாம்.

இந்தப் படியில் சிக்கனம் ஆபத்து. பேட்டரியிலிருந்து வரும் பாசிட்டிவ் கம்பியில், பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் இருந்தே தீர வேண்டும். அந்த ஃபியூஸ் ஆம்பைக் காக்க வந்ததாகப் பலர் நினைக்கிறார்கள். அது காப்பது கம்பியை. எஞ்சின் அறையிலிருந்து உள்ளே நுழையும் இடத்தில் தகடு உரசி, கம்பியின் தோல் அறுந்து பாடியைத் தொட்டால், ஃபியூஸ் இல்லாத கம்பி அடுப்புக் கம்பியாகிவிடும். அந்தத் துளையில் ரப்பர் வளையம் போட்டிருக்கிறார்களா என்று குனிந்து பாருங்கள். கம்பி முழுச் செப்பாக இருக்கட்டும். செப்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பி அதே தடிமனில் குறைந்த மின்னோட்டத்தையே தாங்கும். சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

எர்த் கம்பி குட்டையாக இருக்க வேண்டும். பெயின்டைச் சுரண்டி, வெறும் உலோகத்தில் போல்ட் போட்டு முடுக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் கொசுவின் ரீங்காரம் ஏறுகிறதென்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது இந்த எர்த்தை. அடுத்தது மின்கம்பியும் சிக்னல் கம்பியும் ஒரே பக்கமாக ஓடுவதை. ஒன்றை வலப்பக்கமும் மற்றதை இடப்பக்கமும் கொண்டுபோங்கள்.

இதையெல்லாம் பொருத்தியதும் காப்பீட்டு நிறுவனத்திடம் அறிவித்துப் பாலிசியில் சேர்த்துவிடுங்கள். கம்பெனி பொருத்தாத மின்சாதனங்கள் சாதாரணப் பாலிசியில் தாமாக அடங்காது.

படி 5: கெயின் என்பது ஒலியளவுக் குமிழ் அல்ல

ஆம்பில் கெயின் என்று ஒரு திருகு உண்டு. அதை வலப்பக்கம் முழுதாகத் திருப்பி வைப்பவர்கள் ஏராளம். சில மாதங்களில் ட்வீட்டர் கருகியதும் ஸ்பீக்கரைத் திட்டுவார்கள். ஹெட் யூனிட்டிலிருந்து வரும் சிக்னலுக்கும் ஆம்புக்கும் பொருத்தம் பார்ப்பதே கெயினின் வேலை.

இதற்கு மல்டிமீட்டர் போதும். ஸ்பீக்கர் கம்பிகளைக் கழற்றுங்கள். ஹெட் யூனிட்டின் ஒலியளவை முக்கால் பங்குக்கு வைத்து, 1 கிலோஹெர்ட்ஸ் சோதனை ஒலியை ஓடவிடுங்கள். ஆம்ப் 75 வாட்ஸ் ஆர்எம்எஸ் என்றால், அதை ஸ்பீக்கரின் 4 ஓமால் பெருக்கினால் 300. அதன் வர்க்கமூலம் 17.3. ஆம்பின் வெளியீட்டில் மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, 17.3 வரும்வரை கெயினைத் திருப்பி நிறுத்துங்கள். பிறகு அந்தத் திருகைத் தொடவே வேண்டாம். மருமகனிடமும் சொல்லி வையுங்கள்.

படி 6: மேடை அமைத்தல்

நாம் வலப்பக்கம் உட்கார்கிறோம். வலக் கதவு ஸ்பீக்கர் காதிலிருந்து 80 செ.மீ., இடக் கதவு ஸ்பீக்கர் 130 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். ஒலி நொடிக்குச் சுமார் 345 மீட்டர் போகிறது. அந்த 50 செ.மீ. வித்தியாசத்தால் வலப்பக்க ஒலி ஏறத்தாழ ஒன்றரை மில்லிநொடி முந்திவிடும். இந்தச் சிறிய முந்தலே முழுப் பாட்டையும் வலக் கதவுக்கு இழுத்துவிடப் போதும். டைம் அலைன்மென்ட் வசதி இருந்தால், டேப்பால் அளந்த தூரங்களை அப்படியே கொடுங்கள். அருகில் இருப்பதை அது தாமதப்படுத்தும். குரல் சட்டென்று டேஷ்போர்டின் நடுவில் வந்து உட்காரும். நான் செலவழித்த எந்தப் பணமும் தராத வியப்பை இந்த ஐந்து நிமிட வேலை தந்தது.

சப்வூஃபர் இருந்தால் 80 ஹெர்ட்ஸை எல்லையாக வையுங்கள். அதற்குக் கீழே சப், மேலே கதவு. தாழ்ந்த ஒலியின் சுமை இறங்கியதும் கதவு ஸ்பீக்கர்கள் மூச்சு விட்டுப் பாடும். ஈக்வலைசரில் பிடிக்காததைக் குறையுங்கள். எல்லாவற்றையும் ஏற்றி வைப்பது, உப்பு கூடிய குழம்பில் புளியைக் கூட்டுவது போன்றது.

படி 7: கடைசியில் சப்வூஃபர்

இருக்கைக்கு அடியில் வைக்கும் தட்டை வகை இடத்தை அடைக்காது, இடியும் இடிக்காது. வைக்கும் முன் அங்கே பின் இருக்கைக்கான ஏசிக் குழாய் வருகிறதா என்று பாருங்கள். தவிலும் பேஸ் கிட்டாரும் இறுக்கமாகக் கேட்க வேண்டுமென்றால், டிக்கியில் மூடிய பெட்டிக்குள் ஒரு 10 அங்குல சப் என் தேர்வு. துளையிட்ட பெட்டி இன்னும் சத்தமாகப் பாடும், ஆனால் அடியை இழுத்துப் பேசும். ஃபேஸ் என்ற சுவிட்சை இரண்டு பக்கமும் மாற்றிக் கேட்டு, பேஸ் முன்னாலிருந்து வருவதுபோல் எதில் தோன்றுகிறதோ அதில் விடுங்கள். சப் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அதன் ஒலி அதிகம்.

சப் வந்ததும் காரில் அதுவரை தூங்கிய எல்லாப் பொருள்களும் விழித்துக்கொள்ளும். 20 முதல் 100 ஹெர்ட்ஸ் வரை மெல்ல ஏறும் ஒலியை ஓடவிட்டு, ஒருவர் குமிழைப் பிடிக்க, இன்னொருவர் உள்ளங்கையால் ஒவ்வொரு பலகையாக அழுத்திப் பாருங்கள். கை வைத்ததும் எது அடங்குகிறதோ அங்கே துணிநாடா. நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் ஃபோம்.

ஒலியளவு பற்றி ஒரு வார்த்தை. 80 டெசிபலை வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம்தான். பின்னால் வரும் ஆம்புலன்ஸ் கேட்காத அளவுக்கு வைத்தால் கணக்கே தேவையில்லை, அது அதிகம்.

அழகு: எங்கே கை வைக்கலாம்

வெளி அலங்காரத்தில் எனக்கு ருசி குறைவு, அதனால் சுருக்கமாக. டயரைப் பெரிதாக்குபவர்கள் மொத்த விட்டத்தைக் கணக்கிடட்டும். 185/65 ஆர்15 டயரின் விட்டம் 621.5 மி.மீ.; 195/55 ஆர்16 போட்டால் 620.9. ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லாது. ஆனால் பக்கச்சுவர் மெலிந்துவிட்டதால் குழி ஒவ்வொன்றும் இடுப்புக்குத் தெரியும், இரைச்சலும் கூடும். கதவுக்குள் ஷீட் ஒட்டிச் சேர்த்த அமைதியை இப்படிக் கரைப்பானேன்?

கண்ணாடியில் ஒளி ஊடுருவல் முன்னும் பின்னும் 70 சதவீதம், பக்கவாட்டில் 50 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. 2012-இல் உச்ச நீதிமன்றம் கறுப்பு பிலிம்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்த பிறகு போலீஸாரின் கண் முதலில் போவது அங்கேதான். முன்னால் இரும்பு பம்பர் மாட்டுவதை 2017-இல் மத்திய அரசு தடுத்தது. இடிபடும் பாதசாரிக்கு அது எமன். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இருக்கை உறை மாற்றுபவர்கள், இருக்கையின் பக்கத்தில் ஏர்பேக் என்ற முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கத்தைத் தைத்து மூடாத உறைதான் வேண்டும். மற்றபடி சுத்தமான கார்தான் எனக்கு அழகான கார்.

இனி சாலைக்கு

வேலை முடிந்ததும் நான் பொள்ளாச்சி வழியாக வால்பாறைக்குப் போவேன். ஆழியாறிலிருந்து மேலே 40 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது பாட்டை அணைத்துவிடுகிறேன். கியர் மாற்ற வேண்டிய நேரத்தை எஞ்சினின் குரல்தான் சொல்கிறது, வளைவுக்கு அப்பால் வரும் பஸ்ஸின் ஹாரனும் கேட்டாக வேண்டும். ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும் என்பது விதி. விதி தெரியாத வண்டிக்கு நாம்தான் விட வேண்டும். ஒன்பதாவது வளைவின் காட்சிமுனையில் நிறுத்தினால் கீழே ஆழியாறு அணை. வரையாடுகள் சில நாள் சாலையோரம் வரை இறங்கி வந்து நிற்கும். இறங்கும்போது இரண்டாம் கியர், பிரேக்குக்கு ஓய்வு.

பாட்டு சமவெளியில்தான். ஆழியாறைத் தாண்டியதும் தென்னந்தோப்புகளுக்கு நடுவே சாலை நேராகிறது. கண்ணாடிகளை ஏற்றி, முதல் நாள் கேட்ட அதே தனி ஆவர்த்தனத்தை ஓடவிட்டேன். கும்கி மேலேறியது, சாப்பு வெட்டி நின்றது, தம்புரா எங்கும் போகாமல் அங்கேயே இருந்தது. கூடவே, ஒவ்வொரு தொப்பி அடிக்கும் இடப்பக்கம் ‘டிக்’ என்று ஒரு பதில். கிளிப் ஒன்று மலையிலேயே எங்கோ கழன்றுவிட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் கதவைக் கழற்ற வேண்டும்.